கோந்து செய்த சிவப்புப் பெட்டி

வீட்டில் அவளைக் கோந்து என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் எதையாவது பார்க்க ஆரம்பித்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சுவரில் ஊரும் எறும்பு வரிசை, சோப்பு உறையில் அச்சான பூ, பக்கத்து வீட்டுக் கதவின் துருப்பிடித்த பூட்டு, எதுவானாலும் சரி. தோளைப் பிடித்து உலுக்கினால்தான் திரும்புவாள். "இவ கண்ணுல கோந்து தடவியிருக்கா என்ன?" என்று மாமா ஒருநாள் கேட்டார். பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கண்ணுக்கே பின்னால் வேலையும் கிடைத்தது. இணையதளப் பக்கங்களை, வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடாமல் நின்று படிக்கும்படி அமைத்துக் கொடுக்கிற வேலை. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு மூச்சு விட வேண்டும், படம் எங்கே வர வேண்டும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் சண்டை போடாமல் உட்காரும் என்பதெல்லாம் அவள் பாடு. அவளுடைய அக்கா திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். அளவு சொல்ல வருகிறவர்களிடம் அக்கா முதலில் சன்னலின் அகலத்தைக் கேட்பாள், அடுத்ததாகத் தன் போனை எடுத்து நீட்டுவாள். "பாருங்க, இது என் தங்கச்சி பண்ணின பக்கம்." பார்க்காமல் யாரும் கடையை விட்டுத் தப்பியதில்லை.

அக்கா கொஞ்ச நாளாக நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது ஒரு மருத்துவமனையின் பக்கம். குழாய் முனையில் சின்னக் கேமராவை வைத்துக் குடலை உள்ளே பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. அதற்கு வருகிறவர்கள் வீட்டில் என்னென்ன செய்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லும் பக்கம் அது. பழைய பக்கம் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், மழையில் ஊறிய சுவர் மாதிரி இருந்தது. யாரும் படிக்கவில்லை. வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வாருங்கள் என்றால் வாசலில் பிஸ்கட் தின்றுகொண்டே வந்தார்கள். கோந்து அதைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினாள். மேலே வெளிச்சமான ஒரு படம். எப்போது சாப்பாட்டை நிறுத்துவது என்பதற்கு ஒரு கடிகாரம். எதைக் குடிக்கலாம் என்பதற்கு ஒரு கண்ணாடி டம்ளர். பெரிய எழுத்து, தாராளமான இடைவெளி. நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி.

அந்தப் பெட்டிதான் அவளுடைய செல்லப் பிள்ளை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கானது அது. சோதனையின்போது குடலில் சின்னக் கட்டி ஏதும் தென்பட்டால் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த மாத்திரை உடம்பில் இருந்தால் ரத்தம் லேசில் நிற்காது. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது, அது வேறு ஆபத்து. முன்கூட்டியே மருத்துவமனைக்குப் போன் செய்து சொன்னால் டாக்டர் பார்த்து முடிவு செய்வார். அந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான விஷயம் இதுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் கோந்து தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் அதில் இறக்கினாள். அடர்ந்த சிவப்பில் வெள்ளை எழுத்து, உருண்ட மூலைகள், ஓரத்தில் ஒரு மணியின் படம். மருத்துவமனை இயக்குநர் பார்த்துவிட்டு, "கண்ணைப் பறிக்குதே!" என்றார். கோந்துவின் முதலாளி அந்த ஒரு வாக்கியத்தை அலுவலகம் முழுக்கச் சுமந்து திரிந்தார்.

வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வருகிறவர்களின் எண்ணிக்கை உடனே கூடிவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் பெரிய சிஸ்டரின் போன் வந்தது.

பெரிய சிஸ்டர் என்பது அந்தச் சோதனைப் பிரிவின் தலைமைச் செவிலியர். டாக்டர்களே அவர் அறைக்குள் நுழையும்போது குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

"ஏம்மா, பக்கம் நல்லா இருக்கு. நான் குத்தம் சொல்லல. ஆனா இந்த மாத்திரைக்காரங்க ஒருத்தர்கூட போன் பண்ண மாட்டேங்கிறாங்களே?"

"முன்னாடி பண்ணுவாங்களா சிஸ்டர்?"

"அந்த அழுமூஞ்சிப் பக்கம் இருந்தப்போ அத்தி பூத்த மாதிரி யாராவது பண்ணுவாங்க. இப்ப அதுவும் நின்னுபோச்சு."

கோந்து நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"நேத்து ஒரு லாரி டிரைவர் வந்தாரு. மேசையில படுக்க வெச்சு நாங்க கேட்டோம், ரத்தத்துக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களான்னு. இல்லன்னு தலையாட்டிட்டாரு. கட்டியை எடுத்தாச்சு, ரத்தம் நிக்கல. அப்புறம் வெளியில உட்கார்ந்திருந்த அவர் வீட்டம்மா வந்து சொல்றாங்க, 'இதயத்துக்குன்னு ஒண்ணு தினமும் போடுறாரே'ன்னு. அவருக்கு அது இதய மாத்திரை. ரத்தத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நெனைச்சிருக்காரு."

"இப்ப எப்படி இருக்காரு சிஸ்டர்?"

"வார்டுல இருக்காரு. ரத்தம் நின்னுடுச்சு, பிழைச்சுக்குவாரு. உன் பக்கத்தைப் படிச்சீங்களான்னு கேட்டேன். முழுக்கப் படிச்சேங்கிறாரு. கடிகாரம், டம்ளர் எல்லாம் சரியா சொல்றாரு. பெட்டியைப் பத்தி கேட்டா, எந்தப் பெட்டிங்கிறாரு."

போனை வைத்த பிறகும் கோந்துவின் காது சூடாக இருந்தது. அந்த டிரைவரின் முகம் அவளுக்குத் தெரியாது. தெரியாததால் மனம் ஒவ்வொரு முகமாகப் பொருத்திப் பார்த்தது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர், தெருமுனையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர், எல்லாரும் வார்டில் படுத்திருப்பதாகத் தோன்றியது. அவர் பிழைத்துவிட்டார், சரி. அடுத்து வருகிறவர்? சோதனைக்குத் தினமும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் முந்தைய நாள் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அவளுடைய பக்கத்தைத்தான் படிக்கிறார்கள்.

அவள் செய்த முதல் காரியம் அந்தத் தொழிலில் யாரும் செய்யக்கூடியதுதான். பெட்டியைப் பெரிதாக்கினாள்.

சிவப்பை இன்னும் பளிச்சென்று ஆக்கினாள். மணி இப்போது இப்படியும் அப்படியும் ஆடியது. பெட்டியின் ஓரம் மினுக்கியது. முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு மேல பார்க்கலன்னா அவங்க கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று சிரித்தார். கோந்துவும் சிரித்து வைத்தாள்.

படிக்கிறவர்கள் பக்கத்தின் எந்த இடத்தில் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று காட்டும் ஒரு படம் அவளிடம் இருந்தது. நிற்கும் இடம் சிவக்கும், நிற்காத இடம் வெளிறிக் கிடக்கும். அதைத் திறந்து பார்த்தாள். பெட்டி இருக்கும் இடம் செக்கச்செவேல் என்று இருந்தது. நிற்கிறார்கள். அப்படியென்றால் படிக்கிறார்கள். படித்தும் ஏன் கூப்பிடவில்லை? அவளுக்குப் பிடிபடவில்லை. சிஸ்டரின் பிரிவுக்குப் போன் செய்து, "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை. மறுபடி கேட்டாள். இல்லை. மூன்றாவது தடவை அவள் குரலைக் கேட்டதுமே எதிர்முனையில், "இல்லம்மா, இல்ல. வந்தா நானே சொல்றேன், வேலையைப் பாக்க விடு" என்றார்கள்.

நகத்தைக் கடிக்கும் பழக்கம் அவளை விட்டுப் போயிருந்தது. திரும்பி வந்துவிட்டது. அக்கா கவனித்துவிட்டாள். அக்காவின் கண்ணுக்கு ஒரு தையல் கோணினாலும் தப்பாது, தங்கையின் நகமா தப்பும்?

"என்னடி, விரலையே தின்னுடுவே போல?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா ரத்தம் வருது? அந்த மருத்துவமனைப் பக்கம்தானே? அதுக்கென்ன, லட்சணமா இருக்கு. இன்னைக்கு ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் வந்தாரு, அவர்கிட்டயும் காட்டினேன். அப்படியே மலைச்சுப்போய் நின்னுட்டாரு."

"திரைச்சீலை வாங்கினாரா?"

"அது வாங்கல."

மாமா அந்த வீட்டின் மாடி அறையில் இருந்தார். அம்மாவின் தம்பி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் பார்வையைப் பற்றி அவருக்கு அபார கர்வம். ரயில் பெட்டிக்குள் கால் வைக்கும்போதே யார் டிக்கெட் வாங்கவில்லை என்று சொல்லிவிடுவேன் என்பார். "என் கண்ணுல மண்ணைத் தூவ இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. சாப்பாட்டு மேசையில் அதைக் கேட்டுக் கேட்டு அக்காவும் தங்கையும் அவருக்கு முந்தியே வாக்கியத்தை முடித்துவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா மாடியிலிருந்து இறங்கிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் போன், மூக்கில் கண்ணாடி.

"கோந்து, ஒரு விஷயம். கலாட்டா பண்ணக் கூடாது."

"என்ன மாமா?"

"வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு சோதனை இருக்கு. ரெண்டு மாசமா வயிறு சரியில்ல. டாக்டர் உள்ள பார்த்துடலாம்னாரு. உங்ககிட்ட சொன்னா வீட்டை ரெண்டு பண்ணிடுவீங்கன்னு சொல்லல."

அக்கா தையல் ஊசியைக் கீழே வைத்தாள். "ரெண்டு மாசமா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல?"

"பாத்தியா, ஆரம்பிச்சுட்டா. சும்மா ஒரு குழாய்ம்மா. எல்லாம் இவ போட்ட பக்கத்துலயே இருக்கு. அதைத்தான் படிச்சுத் தயாராகிட்டிருக்கேன். என்ன பெருமை தெரியுமா எனக்கு? ஆஸ்பத்திரியில பக்கத்துல உட்கார்ந்திருந்தவன்கிட்ட சொல்லிட்டேன், இது என் அக்கா பொண்ணு பண்ணினதுன்னு."

 மாமா தினமும் காலையில் நீல மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவிலிருந்து மாத்திரை எடுத்துப் போடுவார். நெஞ்சில் ஒருமுறை வலி வந்த பிறகு கொடுத்தது.

"மாமா, நீங்க மருத்துவமனைக்குப் போன் பண்ணினீங்களா?"

"எதுக்கு?"

"பக்கத்துல போட்டிருக்கே."

"அப்படி ஒண்ணும் போடலையே. நான் ஒரு எழுத்து விடாம படிச்சேன். வேணும்னா இப்பவே படிக்கிறேன் பாரு."

"படிங்க. சத்தமா படிங்க."

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு படித்தார். தலைப்பைப் படித்தார். கடிகாரத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார். "தண்ணீர், தெளிந்த பழச்சாறு, பால் சேர்க்காத தேநீர்" என்று டம்ளருக்குக் கீழே இருந்ததை ரசித்துப் படித்தார். கோந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் கட்டைவிரல் திரையை மேலே தள்ளியது. கீழேயிருந்து சிவப்பு எழும்பியது. மணி ஆடியது. ஓரம் மினுக்கியது.

மாமா வாயை மூடிக்கொண்டார். கட்டைவிரல் திரையை மறுபடி தள்ளியது. பெட்டி பெரியது என்பதால் ஒரே தள்ளலில் போகவில்லை. இன்னொரு தள்ளல், இன்னொன்று. அதுவரை மாமா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு முழுக்க மறைந்ததும் கண்ணைத் திரைக்குக் கொண்டுவந்து, "வீட்டுக்குத் திரும்பும்போது துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும்" என்று கம்பீரமாகத் தொடர்ந்தார்.

"நடுவுல ஒண்ணு வந்துச்சே மாமா. அதை ஏன் படிக்கல?"

"எது? அந்தச் சிவப்பா? அது விளம்பரம்தானேம்மா. எல்லாத்துலயும் இப்படித்தான் நடுவுல வந்து குதிக்குது. கடன் வேணுமா, வீடு வேணுமான்னு. அதையெல்லாம் பார்க்காம தள்ளிவிட நான் பழகிட்டேன். என் கண்ணுல மண்ணைத் தூவ…"

இந்த முறை வாக்கியத்தை யாரும் முடித்துக் கொடுக்கவில்லை.

கோந்து அக்காவைப் பார்த்தாள். "அக்கா, நீ இதை ஊர் முழுக்கக் காட்டினே. அந்தச் சிவப்புல என்ன எழுதியிருக்கு, சொல்லு."

  சீலையின் விளிம்பை இரண்டு தடவை அளந்து மூன்றாவது தடவை சரிபார்க்கிறவள் அக்கா. முகம் அப்படியே சுண்டிவிட்டது. "மணி ஒண்ணு ஆடும்டி. அழகா இருக்கும். அதுக்கு மேல… நான் பார்க்கல."

சிவந்து கிடந்த அந்தப் படத்தின் அர்த்தம் கோந்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. பெட்டி பெரியது, தள்ளிவிட நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தைத்தான் படம் சிவப்பாகக் காட்டியிருக்கிறது. கண் அங்கே இல்லை. சன்னலுக்கு வெளியே இருந்தது. கூப்பாடு போட்டு விற்க வருகிறவர்களைப் பார்க்காமல் இருக்க ஊரின் கண்கள் எப்போதோ பழகிவிட்டன. அவள் மிக முக்கியமான விஷயத்துக்கு அதே சட்டையைப் போட்டு அனுப்பியிருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை என்றதும் இன்னும் பளபளப்பான சட்டையாக மாற்றியிருக்கிறாள். எவ்வளவு பெரிதாக்கினாளோ அவ்வளவு வேகமாக எல்லாரும் அதைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

 டிரைவர் படித்துக்கொண்டிருந்தபோதும் கட்டைவிரல் இப்படித்தான் போயிருக்கும். நாளை சோதனைக்குப் போகிறவர் இந்த நேரத்தில் எங்கோ இப்படித்தான் தள்ளிக்கொண்டிருப்பார்.

மாமாவுக்கு அப்போதே போன் போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். மாமா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மாத்திரையின் பெயரைச் சொன்னார். சோதனையைத் தள்ளிவைத்தார்கள். நாளை வந்து டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள், அதுவரை மாத்திரையை வழக்கம்போல் சாப்பிடச் சொன்னார்கள். மாமா போனை வைத்தார்.  அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையிலிருந்த டப்பாவை வாங்கி மூடியை இறுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் கோந்து கதவு திறப்பதற்கு முன்பே அலுவலக வாசலில் நின்றாள். முதலாளி வந்ததும் சொன்னாள், "சார், அந்தப் பெட்டியை எடுத்துடணும்."

"எந்தப் பெட்டி? கண்ணைப் பறிக்குதுன்னு இயக்குநர் சொன்ன பெட்டியா?"

"அதேதான். கண்ணைப் பறிக்குது, அதான் யாரும் பார்க்க மாட்டேங்கிறாங்க."

முதலாளி பையைக் கீழே வைக்காமலே அவளைப் பார்த்தார். "நல்லா தூங்கினியா நேத்து?"

அவள் மாமா கதையைச் சொன்னாள். முதலாளி கேட்டுக்கொண்டார். மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் பயந்த சுபாவம். "ஒரு மாமா பார்க்கலன்னா ஊரே பார்க்கலையா? அவங்க ஆசைப்பட்டுக் கேட்டது, அவங்க புகழ்ந்தது. நாமளே போய் அது தப்புன்னு சொன்னா, அப்புறம் நம்மகிட்ட எதுக்கு வரணும்? கொஞ்சம் பொறு. அடுத்த கூட்டத்துல பேசலாம்."

"அதுவரைக்கும் ஜனங்க சோதனைக்கு வருவாங்களே சார்."

"பொறுன்னேன் இல்ல?"

கோந்து பொறுக்கவில்லை. மருத்துவமனைக்குப் போனாள். சோதனைப் பிரிவின் வெளியே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஆட்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நோட்டம் விட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஓர் ஆசிரியையிடம் போய்த் தன்னை யார் என்று சொல்லி, பக்கத்தைத் தன் முன்னால் ஒருமுறை படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டாள். ஆசிரியையின் விரல் சிவப்பைத் தள்ளியது. பக்கத்திலிருந்த பெயின்டர் தானே போனை எடுத்துக் காட்டினார். "இதுவா? இன்ஷூரன்ஸ் ஏதோன்னு நெனைச்சேன்." ஒரே ஒருவர், ஒல்லியான ஓர் இளைஞர், பெட்டியைப் படித்திருந்தார். அவர் எந்த மாத்திரையும் சாப்பிடுகிறவர் இல்லை.

பெரிய சிஸ்டர் தன் அறை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கோந்து சொல்லி முடித்ததும் கேட்டார், "சரி. இப்ப யாரு குறுக்கே நிக்கிறது?"

"முதலாளி, இயக்குநர் என்ன நினைப்பாருன்னு பயப்படுறாரு."

"இயக்குநர் என்ன நினைக்கணும்னு நான் சொல்லிக்கிறேன். உங்க முதலாளி நம்பரைக் குடு." அவர் எண்களை அழுத்திய விதத்திலேயே கோந்துவுக்கு முதலாளிமேல் பரிதாபம் வந்தது. "ஹலோ. நான் சோதனைப் பிரிவுலேருந்து பேசுறேன். உங்க பெட்டி ரொம்ப அழகா இருக்கு சார். அதை ஃபிரேம் போட்டு உங்க வீட்டுச் சுவத்துல மாட்டிக்குங்க. என் பக்கத்துலேருந்து மட்டும் எடுத்துடுங்க."

அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அதோடு பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. பெட்டியை எடுத்துவிடலாம். அந்த இடத்தில் என்ன வைப்பது? வெறும் எழுத்தாக விட்டால் பழைய சாம்பல் சுவர். படம் வைக்கலாமா? பக்கத்தின் உச்சியில் ஏற்கெனவே இருந்த படம் ஒன்று அவளைப் பார்த்து இளித்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரோ ஒருவர் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அந்த மாதிரிப் படங்களுக்குள் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்பதும் கண்களுக்குப் பழகிப்போன விஷயம்தான்.

வீட்டுக்கு வந்தாள். மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே தண்ணீர் டம்ளர், கையில் நீல மூடி டப்பா. டாக்டர் எழுதிக் கொடுத்ததை அக்கா அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அப்படியே இருங்க. அசையாதீங்க."

"ஏன், தோள்ல பல்லியா?"

"கையை மட்டும் இப்படித் திருப்புங்க. டப்பா தெரியணும்."

"கையையா எடுக்கப்போறே? முகத்தை எடு. முகத்துக்கு என்ன குறைச்சல்?"

"முகத்தைப் பார்த்தா ஜனங்க டிக்கெட்டை எடுத்து நீட்டுவாங்க மாமா" என்றாள் அக்கா.

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. கை கொஞ்சம் ஆடியது. கோந்து சன்னல் திரையை ஒதுக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டாள். சுருக்கம் விழுந்த கை, மேசையில் ஒரு கீறல், நீல மூடி, பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர். அலங்காரம் ஒன்றும் செய்யாமல் அப்படியே போனில் படம் எடுத்தாள். காலையில் எந்த வீட்டு மேசையிலும் இருக்கக்கூடிய காட்சி. அதைப் பக்கத்தின் உச்சியில் வைத்தாள். வெள்ளைக் கோட்டுக்காரரை அனுப்பிவிட்டாள். படத்துக்குக் கீழே, மற்ற எழுத்தின் அதே அளவில், அதே கறுப்பில் எழுதினாள்: "இதயத்துக்கு என்றோ, பக்கவாதம் வந்த பிறகு என்றோ, ரத்தம் கட்டாமல் இருக்க என்றோ தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்றே எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்." அடியில் தொலைபேசி எண். அவ்வளவுதான். மணி இல்லை, மினுக்கல் இல்லை.

பார்க்க அது ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அதுதான் அவளைப் படுத்தியது. பக்கம் இணையத்தில் ஏறிய பிறகு திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். ஒரு தடவை, கொஞ்சம் சிவப்புக் கோடாவது போட்டால் என்ன என்று விரல் அரித்தது. கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். முதலாளி அந்தப் பக்கம் நடந்துபோகிறபோது திரையை ஓரக்கண்ணால் பார்த்தார். "பாவம், ரொம்பச் சாதுவா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று அவளிடம் வழி இல்லை. போன் மேசையில் கிடந்தது. அடித்தால் எடுக்கலாம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கவும் அடித்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே நீ?" பெரிய சிஸ்டரின் குரல்.

கோந்து எழுந்து நின்றுவிட்டாள். "என்னாச்சு சிஸ்டர்? யாருக்காவது…"

"யாருக்கு என்ன? எனக்குத்தான். காலையிலேருந்து இந்தப் போன் ஓயல. போட்டு வெச்ச டீயை ஒரு வாய் குடிக்க விடல. ஒருத்தர் வெச்சா இன்னொருத்தர். 'நானும் இதயத்துக்கு ஒண்ணு போடுறேன்', 'எங்கப்பா போடுறாரு', 'இது அந்த மாத்திரைதானா பாருங்க'. ஒரு அம்மா சொல்றாங்க, படத்துல இருக்கிறது எங்க வீட்டுக்காரர் கை மாதிரியே இருக்குன்னு. நாளைக்கு வர வேண்டிய ஒருத்தரை நிறுத்தி வெச்சிருக்கேன். நேரா மேசைக்கு வந்திருந்தா டிரைவர் கதைதான்." கொஞ்சம் மூச்சு விட்டார். "டிரைவர் வீட்டுக்குப் போயிட்டாரு. உன்கிட்ட சொல்லணும்னு நெனைச்சேன். சரி, வை. இந்தா, அடுத்தது அடிக்குது."

கோந்து உட்கார்ந்தாள். 

சாயங்காலம் வீட்டில் செய்தியைச் சொன்னதும் மாமா தன் வலது கையை விளக்குக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா நகத்தை வெட்டியிருப்பேனே" என்றார். அக்கா போனைக் கையில் எடுத்துவிட்டாள். நாளைக்குக் கடையில் யார் யாருக்குக் காட்டலாம் என்று மனசுக்குள் கணக்குப் போடுவது அவள் முகத்தில் தெரிந்தது.

கோந்து அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளப் போனாள், முடியவில்லை. ஒரு நினைப்பு வந்து நெஞ்சில் முட்டியது. பெட்டி என்பது அவளுக்குக் கைவந்த வேலை. சிவப்பில் ஒன்று செய்தது போல மஞ்சளில், ஆரஞ்சில் என்று போன வருடம் எத்தனையோ பக்கங்களில் வைத்திருக்கிறாள். சமையல் வாயு விநியோகிக்கிறவர்களின் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. வாயு கசிகிற வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் மஞ்சள் பெட்டி. அதையும் எல்லாரும் புகழ்ந்தார்கள்.

அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

"அக்கா, இதைப் படி."

"இதுவும் நீ பண்ணினதா? அழகா இருக்குடி."

"அழகு இருக்கட்டும். சத்தமா படி."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படிக்கத் தொடங்கினாள். கோந்து அவள் பின்னால் போய் நின்றாள். கீழேயிருந்து மஞ்சள் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் கண் அக்காவின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு நின்றது.